மிஸ்ஸியம்மாவைப் பார்க்காத ஊர்

நிந்தவூரில் வயதுபோன ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்த்து, "காக்கா, அந்தக் காலத்தில மிஸ்ஸியம்மா படம் பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "சே, நாங்க படம் பார்க்கிற ஆக்களா?" என்று தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். பேச்சு முடிந்ததென்று எழும்பினால் நட்டம் உங்களுக்கு. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் பொறுத்திருக்க வேண்டும். "ஆனா ஒண்டு," என்று ஆரம்பிப்பார் ஒருவர், "ரங்காராவைப் போல ஒரு போடியார் நம்மட பக்கத்தில இருந்திருந்தா எத்தினை பேருக்கு வாத்தியார் வேலை கிடைச்சிருக்கும்!" இன்னொருவர், "தங்கவேலுவை விட்டுட்டுப் பேசுறீங்க" என்று கோபித்துக்கொள்வார். மூன்றாமவர் தொண்டையைச் செருமி, ஏ.எம். ராஜா பாடுகிற பாட்டில் ஜெமினி எந்தப் பக்கம் திரும்பி நிற்பார் என்று கையால் காட்டுவார். படம் பார்த்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் படம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1955 பொங்கலுக்கு வந்த படம் அது. நிந்தவூர் இப்போது இருக்கிற அம்பாறை என்றொரு மாவட்டமே அப்போது கிடையாது. அது 1961இல் பிறந்த பிள்ளை. நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில், ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வயல் வட்டையையும் வைத்துக்கொண்டு, நடுவில் மரியாதையோடு இருந்தோம். மரியாதைக்குக் குறைவான காரியங்களைக் கல்முனையில் வைத்துக்கொள்வது வழக்கம்.

கல்முனைக்குப் போவது அந்நாளில் ஒரு கலை. "மருதமுனையில சாறன் எடுக்கப் போறன்" என்று சொல்லிப் புறப்படுவது நல்ல காரணம். மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர், கல்முனையைத் தாண்டித்தான் போகவேண்டும், ஒருவரும் சந்தேகப்பட முடியாது. கஷ்டம் என்னவென்றால், வழியில் காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கவேண்டும். காரைதீவில் கூடப்படித்தவன் நிற்பான். சாய்ந்தமருதில் சம்பந்தி வீட்டார் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சாறன் கதையைச் சொல்லவேண்டும். இரவு பத்து மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்து, "நெய்யுற ஆள் வீட்டில இல்ல" என்று சொன்னால் வீட்டில் நம்பியாகவேண்டும். கல்முனைத் தியேட்டருக்குள் இருட்டில் பக்கத்துக் கதிரையில் சொந்த மாமாவே இருந்தாலும் ஸலாம் சொல்வதில்லை என்பது எழுதாத சட்டம். ஸலாம் சொன்னால் பதில் சொல்லவேண்டும், பதில் சொன்னால் இருவரும் அங்கே இருந்தது உண்மையாகிவிடும்.

இப்படி நடிக்கத் தெரிந்த ஊருக்கு, நடிப்பையே கதையாக வைத்த படம் பிடித்துப்போனதில் என்ன அதிசயம்?

கதையைச் சொல்கிறேன். பாலு என்றொரு பி.ஏ. மேரி என்றொரு பி.ஏ. இரண்டு பேருக்கும் வேலை இல்லை. மேரிக்கு அதோடு ஒரு கடன்காரனும் உண்டு. டேவிட் என்று பெயர். கடனுக்கு வட்டி கேட்கிற ஆளாயிருந்தால்கூட, வட்டி ஹராம் என்று நம்மவர்கள் ஒரு பாட்டம் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். இவன் பெண்ணையே கேட்கிறவன். நம்பியார் நடித்தார் என்றால் மிச்சத்தை விளக்கவேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையில் ஒரு விளம்பரம். ஒரு கிராமத்து ஜமீன்தார், ரங்காராவ் நடித்தது, பள்ளிக்கூடம் நடத்துகிறார், ஆசிரியர்கள் தேவை, இருவரும் பட்டதாரிகளாக இருக்கவேண்டும், அதோடு புருஷன் பெண்சாதியாகவும் இருக்கவேண்டும். பட்டம் இருக்கிறது. மற்றத் தகுதிதான் இல்லை. இருவரும் சேர்ந்து அதையும் உண்டாக்கிக்கொள்கிறார்கள். கடன் அடையும்வரை புருஷன் பெண்சாதி, அடைந்தபிறகு அவரவர் பாட்டில். ஒரே வீட்டில் இருப்பார்கள், ஒரு நிமிஷம்கூட ஒத்துப்போகமாட்டார்கள். பார்க்கிற சனங்களுக்கு அதனாலேயே அவர்கள் உண்மையான புருஷன் பெண்சாதி என்பதில் சந்தேகம் வரவில்லை.

ஜமீன்தாருக்கு ஒரு பழைய துக்கம். பதினாறு வருஷத்துக்கு முன்னர் தொலைந்துபோன மூத்த மகள் மகாலட்சுமி. அவள் பேரில்தான் பள்ளிக்கூடம். வந்திருக்கிற டீச்சரைப் பார்த்ததும் அவருக்கும் மனைவிக்கும் பாசம் பொங்குகிறது. டீச்சருக்கு எரிச்சல் பொங்குகிறது. ஜமீன்தாரின் இளைய மகளுக்கு, ஜமுனா நடித்தது, பாலு சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறான். இல்லாத புருஷன் இன்னொருத்தியோடு பாடுகிறானே என்று இல்லாத பெண்சாதிக்குப் பொறாமை வருகிறது. இடையில் ஜமீன்தாரின் மருமகன் ஒருவர், தங்கவேலு, தன்னைத் துப்பறியும் சிங்கமாக நினைத்துக்கொண்டு, காணாமல்போனவளின் காலில் உள்ள மச்சத்தைத் தேடி வருகிறவள் போகிறவள் காலையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிறார். வேறு ஊரில் அந்த வேலைக்கு அடி விழுந்திருக்கும்.

இந்தக் கதை நிந்தவூரில் நடந்திருந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

என் கணக்குப்படி அசர் தொழுகைக்கு வந்து இறங்கினார்கள் என்றால் மஃரிபுக்கு முன்னர் சாயம் வெளுத்துவிடும். துப்பறியும் சிங்கமெல்லாம் தேவையில்லை. பக்கத்து வளவில் இருந்து ஒரு மூத்தம்மா போதும். ஒரு கோப்பையில் மீனாணம் கொண்டுவருவார், புது ஆக்களுக்குக் கொடுக்கிற சாட்டில். கடப்படியைத் தாண்டும்போதே முதல் கேள்வி விழும்.

"புள்ளைக்கு எந்த ஊர் மனே?"

ஊர் சொன்னால் அடுத்தது, "எந்தக் குடி?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லவே முடியாது. எங்கள் கரையில் குடி தாய்வழி வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரு குடியைச் சொன்னால், அந்தக் குடியில் இன்ன ஊரில் இன்ன பேரில் ஒரு பெரியம்மா இருக்கவேண்டும், அவருக்குப் போன பெருநாளைக்கு முந்தின பெருநாளில் கால் முறிந்திருக்கவேண்டும், அதுவும் மூத்தம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிவாசல் மரைக்கார்மாரைக்கூடக் குடி பார்த்துத் தெரிந்தெடுத்த ஊரில், குடி இல்லாமல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பெண்சாதி என்று நிறுத்துவது பாஸ்போட் இல்லாமல் கப்பல் ஏறுகிற காரியம்.

அதையும் சமாளித்தார்கள் என்று வையுங்கள். அடுத்த கேள்வி இன்னும் பொல்லாதது. "வூடு எங்க?"

ஏனென்றால் இங்கே கலியாணம் என்பதே வீட்டில் தொடங்குகிறது. பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்து, அதில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைப்பது முறை. வாப்பாமார் வட்டையில் வெயிலில் நின்று, கடலில் வலை இழுத்து, ஒரு மகளுக்குச் சுவர் எழுப்பி முடிக்க, அடுத்த மகள் பெரியவளாகியிருப்பாள். அதற்கு மேலே மாப்பிள்ளைக்குக் கைக்கூலி. அப்படியிருக்க, ஒரு பெண் புருஷனையும் கூட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப்பெட்டியோடு, வேறு ஒருவரின் வளவில் வந்து குடியிருக்கிறாள் என்றால், மூத்தம்மாவின் முடிவு உடனே வந்துவிடும். சீதன வீடு இல்லாதவள் கலியாணம் முடித்தவளாக இருக்கமுடியாது. கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய் வேலியோரமாக நின்று ஒரு வார்த்தை சொன்னால், இஷாவுக்கு முன்னர் பக்கத்து அட்டப்பள்ளத்துக்குச் செய்தி போய்ச் சேரும்.

பி.ஏ. விஷயத்தில் மட்டும் படக்காரர்கள் நம் ஊரைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். வாத்தியார் மாப்பிள்ளைக்கு இந்தக் கரையில் இருந்த கிராக்கி ஜமீன்தாருக்குத் தெரிந்திருந்தால் அவர் விளம்பரச் செலவை மிச்சம் பிடித்திருப்பார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வாசலில் நின்று கையைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் வருகிற மாப்பிள்ளை முதலில் வீட்டின் அளவைக் கேட்டிருப்பான்.

நம் ஊர்ப் பழக்கம் நம்மோடு போகட்டும் என்றால், ஏழு கடல் தாண்டியும் அதே கதைதான். ரஷ்யாவுக்குத் தெற்கே, கருங்கடல் ஓரத்தில் ஜோர்ஜியா என்று ஒரு நாடு. ஸ்டாலின் பிறந்த மண். 1948இல், அந்த மனுஷன் ஆட்சியில் இருக்கும்போதே, அங்கே ஒரு சிரிப்புப் படம் எடுத்திருக்கிறார்கள். 'கேத்தோவும் கோத்தேயும்' என்று பெயர். மெடேயா ஜாபரிட்ஸே கதாநாயகி. ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றியா எடுத்தார்கள்? உழவு இயந்திரத்தைப் பற்றியா? இல்லை. கலியாணத் தரகர்மாரைப் பற்றி. 1882இல் ஆவ்க்சென்டி சாகரேலி எழுதிய நாடகம், 1919இல் விக்தர் தொலிட்ஸே அதை இசை நாடகமாக்கினார், பிறகு சினிமாவானது.

மக்கார் என்றொரு பணக்கார முதலாளி. காசு நிறைய இருக்கிறது, கௌரவம் போதாது. லெவான் என்றொரு பிரபு. கௌரவம் நிறைய இருக்கிறது, வீட்டில் சல்லி இல்லை, கடன் கழுத்துவரை. முதலாளியின் மகளைப் பிரபுவுக்குக் கட்டிவைத்தால் இருவருக்கும் லாபம். மகள் கேத்தோ ஆசைப்படுவதோ பிரபுவின் மருமகன் கோத்தேயை. நடுவில் ஹனுமா, கபாத்தோ என்று இரண்டு தரகிகள், ஒருத்தி முடித்துவைக்கிற காரியத்தை மற்றவள் குழப்புவதற்கென்றே பிறந்தவர்கள். கடைசியில் ஹனுமா ஒரு வேலை செய்கிறாள். மணப்பெண்ணாகத் தானே வேஷம் போட்டுக்கொண்டு பிரபுவின் முன்னால் வந்து நிற்கிறாள். பிரபு அந்தக் கோலத்தைக் கண்டு, சீதனமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடுகிறார். கதை நடக்கிற திபிலிசி என்கிற பெயரை எடுத்துவிட்டு நிந்தவூர் என்று போட்டால் ஒரு வசனம் மாற்றவேண்டியதில்லை. இங்கே பிரபுவுக்குப் பதில் டொக்டர், முதலாளிக்குப் பதில் ஒரு லொறிச் சொந்தக்காரர், அவ்வளவுதான். ஒரு தரகர் குடையோடு முன்வாசலால் போக, மற்றவர் பின்வாசலால் வந்து, "அந்த மாப்பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் இருக்காம், நான் சொன்னதாச் சொல்லாதீங்க" என்று காதில் போட்டுவிட்டுப் போவதை நாங்கள் டிக்கட் இல்லாமல் பார்த்து வளர்ந்தவர்கள்.

மிஸ்ஸியம்மாவுக்குத் திரும்புவோம். அந்தப் படத்தின் மூலக்கதையும் நம் பக்கத்துச் சரக்கில்லை. வங்காளத்தில் ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்கிற நாடகம், 1935இல் அங்கே படமாகவும் வந்தது. அதைத் தெற்கே கொண்டுவந்தவர் சக்கரபாணி. இந்த மனிதருக்கு இளவயதில் சயரோகம் வந்து மதனப்பள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். நாமெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அடுத்த கட்டில்காரரின் வருத்தத்தை விசாரித்து வீட்டில் வந்து சொல்வோம். சக்கரபாணி அங்கே இருந்த ஒருவரிடம் வங்காளி படித்துக்கொண்டு வந்து, சரத் சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். பிறகு நாகிரெட்டியோடு கூட்டுச் சேர்ந்தார். 1947இல் இருவரும் ஆரம்பித்த 'அம்புலிமாமா' புத்தகத்தை நம் ஊர் வாப்பாமார் மறுக்காமல் வாங்கிக் கொடுத்தார்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தை முதுகில் தூக்கிக்கொண்டு சுடலையில் நடப்பதில் அவர்கள் ஒரு குற்றமும் காணவில்லை. அதே ஆட்கள் எடுத்த படத்தைப் பார்ப்பதுதான் பாவம்.

முதலில் மேரியாக நடிக்க வந்தவர் சாவித்திரி இல்லை, பானுமதி. சாதாரண ஆளா? 'சண்டிராணி' என்று 1953இல் ஒரே படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தானே இயக்கித் தானே நடித்தவர். படத்தின் தலைப்பைப் பார்த்தாவது சக்கரபாணி எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். நாலு ரீல் அளவுக்கு எடுத்தும் ஆகிவிட்டது. ஒருநாள் பானுமதி பிந்தி வந்தார். வீட்டில் வரலட்சுமி விரதம், முன்கூட்டியே சொல்லியும் விட்டாராம், சொன்ன சொல் சக்கரபாணியின் காதுக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேள் என்றார் அவர். எதற்குக் கேட்கவேண்டும் என்றார் இவர். எடுத்த ரீலையெல்லாம் பானுமதியின் கண்முன்னாலேயே போட்டுக் கொளுத்தினார் என்று சினிமாக்காரர்கள் சொல்லிவருகிறார்கள். இதில் உள்ள பகிடியை யாராவது கவனித்தார்களோ தெரியாது. கலியாணம் முடிக்காத கிறிஸ்தவப் பெண்ணாக நடிக்கவேண்டியவர், புருஷன் நலத்துக்காக இருக்கும் விரதத்தால் பிந்தி வந்து வேடத்தை இழந்தார்.

வேடம் சாவித்திரிக்குப் போனது. அதற்கு முன்னர் அவருக்கு ஒதுக்கியிருந்தது இரண்டாம் கதாநாயகி வேடம். அது ஜமுனாவுக்கு இறங்கியது. மேல்மாடியில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்ப, கீழே எல்லோரும் ஒவ்வொரு படி ஏறிக்கொண்டார்கள். சாவித்திரிக்கு இது பழைய கணக்குத் தீர்ந்த மாதிரி. 1950இல், மிஸ்ஸியம்மாவை இயக்கிய இதே எல்.வி. பிரசாத் எடுத்த 'சம்சாரம்' தெலுங்குப் படத்தில் கதாநாயகியாக ஆரம்பித்து, கமெராவுக்கு முன்னால் பதறிப்போய், ஒரு சின்ன வேடத்தோடு திரும்பி வந்த பிள்ளை அவர்.

இனித்தான் விஷயம். படத்தில் பாலுவும் மேரியும் கலியாணம் முடிக்காமலே முடித்தவர்கள்போல் நடிக்கிறார்கள். பாலுவாக நடித்த ஜெமினி கணேசனும் மேரியாக நடித்த சாவித்திரியும் 1952இலேயே மைசூர் சாமுண்டீஸ்வரி கோயிலில் வைத்துக் கலியாணத்தை முடித்துவிட்டு, முடிக்காதவர்கள்போல் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதாவது, கமெரா ஓடும்போது, "நாங்க புருஷன் பெண்சாதி" என்று பொய் சொல்லவேண்டும். டைரக்டர் 'கட்' சொன்னதும், "நாங்க புருஷன் பெண்சாதி இல்லை" என்று பொய் சொல்லவேண்டும். உலகத்தில் எந்த நடிகனுக்கும் இவ்வளவு வேலை கொடுத்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஓய்வு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஜெமினிக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது, பெண்சாதி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே வேறு நடிப்பு.

அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. படத்தை ஒரே நேரத்தில் தெலுங்கிலும் எடுத்தார்கள். தெலுங்கில் மேரி அதே சாவித்திரி, ஜமீன்தார் அதே ரங்காராவ், பாலு மட்டும் என்.டி. ராமராவ். நீங்களே நினைத்துப் பாருங்கள். ராமராவுக்குப் பொய்ப் பெண்சாதியாக ஒருமுறை சண்டை பிடித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே சண்டையைச் சொந்தப் புருஷனோடு, பொய்ப் பெண்சாதியாக, தமிழில் பிடிக்கவேண்டும். இரண்டாவதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நடிப்பென்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஜெமினி வாத்தியார் வேடத்துக்குப் புதியவருமில்லை. சினிமாவுக்கு வருமுன்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்தவர். அங்கிருந்து ஜெமினி ஸ்டூடியோவுக்குப் போய், வாய்ப்புத் தேடி வருகிறவர்களைப் பார்த்துத் தெரிகிற வேலையில் இருந்தார். பேரோடு ஜெமினி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

குட்டு உடைந்தது ஒரு சவர்க்காரத்தால். லக்ஸ் விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். சாவித்திரி பழக்க தோஷத்தில், 'சாவித்திரி கணேஷ்' என்று போட்டுவிட்டார். மூன்று வருஷத்துக்கு மேலாகக் கமெராவுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் பிசகாமல் நடித்தவர், பேனையைக் கையில் எடுத்த இடத்தில் வழுக்கி விழுந்தார். நிந்தவூரிலென்றால் சவர்க்காரம்வரை போயிருக்காது. எந்தக் குடி என்ற கேள்வியிலேயே முடிந்திருக்கும்.

படம் பார்க்காத ஊருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், பதில் தயாராக இருக்கிறது. "ரேடியோவில கேட்டது." பாட்டைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் என்ற மந்திரி, சினிமாப் பாட்டுக் கேட்டால் சனம் கெட்டுப்போகும் என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கிவிட்டார். உடனே இந்தியாக்காரர்கள் எல்லோரும் ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்துவிட்டார்கள். வர்த்தக சேவை 1950இல்தான் ஆரம்பித்திருந்தது. கொழும்பில் இருந்து அறிவிப்பாளர் மயில்வாகனத்தாரின் குரல் இராமேஸ்வரம் தாண்டிப் போய், மதராஸில் எடுத்த பாட்டை மதராஸ்காரருக்கே போட்டுக் காட்டியது. 1957இல் அகில இந்திய வானொலியே விவித் பாரதியை ஆரம்பிக்கிற வரையில் எங்கள் நாடு இந்தியாவுக்குச் செய்த பெரிய ஏற்றுமதி இதுதான் என்பேன். தேயிலைக்காரர் கோபித்துக்கொள்ளக்கூடாது.

மிஸ்ஸியம்மாவின் பாட்டுக்களை ராஜேஸ்வரராவின் இசைக்குத் தஞ்சை இராமையாதாஸ் எழுதினார். நிலவைக் கூப்பிட்டு இருவரும் பெண்சாதி சரியில்லை, புருஷன் சரியில்லை என்று முறையிடுகிற பாட்டு அன்றைக்கு எல்லாக் கடைகளிலும் ஒலித்தது. கடைக்காரர் ரேடியோவைப் பட்டறைக்குப் பின்னால் வைத்திருப்பார். பாட்டு ஓடும்போது பள்ளிவாசல் பக்கம் இருந்து யாராவது பெரியவர் வந்தால் கை தானாகக் குமிழுக்குப் போகும். பெரியவர் கடைக்குள் வந்து, சாமானை வாங்கி, காசைக் கொடுத்து, வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு, "செய்தி போற நேரமாகல்லியா இன்னும்?" என்பார். கடைக்காரருக்கு விளங்கும். குமிழ் திரும்பும். பாட்டின் கடைசி அடிவரையில் செய்தி வருமென்று பெரியவர் காத்து நிற்பார்.

வீட்டுக்குள் பெண்களுக்குக் கதை வந்து சேர்ந்த வழி இன்னும் சுற்று வழி. புருஷன் சொல்லுவார், "கல்முனையில ஆக்கள் பேசிக்கொண்டாங்க." ஆக்கள் பேசியதில் சாவித்திரியின் சேலைக் கரை எவ்வளவு அகலம் என்பதும் இருக்கும். பெண்சாதி ஒன்றும் கேட்கமாட்டா. அடுத்த பெருநாளுக்கு அதே அகலத்தில் கரை வேண்டும் என்று மட்டும் சொல்லுவா.

தங்கவேலுவை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கும் காரணம் உண்டு. தெலுங்கில் அந்தத் துப்பறியும் வேடத்தை நாகேஸ்வரராவ் போட்டார். 'தேவதாஸ்' ஆகக் குடித்துச் செத்து ஊரையே அழவைத்த பிறகு, அந்தப் பேரைக் கழுவ அவருக்கு ஒரு கோமாளி வேடம் தேவைப்பட்டதாம். தங்கவேலுவுக்குக் கழுவ ஒன்றும் இல்லை. அவர் இன்னும் மேலே போனார். 1959இல் 'கல்யாணப் பரிசு' படத்தில், வேலையே இல்லாமல், மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜர் என்று பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மிஸ்ஸியம்மாவில் வேலைக்காகக் கலியாணப் பொய். கல்யாணப் பரிசில் கலியாணத்துக்குள் வேலைப் பொய். காதலைப் பற்றி அந்தக் காலத்துச் சிரிப்புப் படங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, சம்பளத்தைப் பற்றிய படங்கள்தான்.

முடிவில் மச்சம் கண்டுபிடிக்கப்படுகிறது. மேரிதான் தொலைந்துபோன மகாலட்சுமி. கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இந்துப் பையனுக்கும் எப்படிக் கலியாணம் என்று இரண்டரை மணித்தியாலமாக ஓடிய சிக்கலை, காலில் இருந்த ஒரு புள்ளி ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிடுகிறது. கொஞ்சம் கோழைத்தனம்தான். சாவித்திரி மேரியாகவே நின்று சண்டை பிடித்த துணிச்சலோடு பார்த்தால், மச்சம் கதாசிரியருக்கு ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். ஆனால் அதற்காகப் படத்தைக் கோபிக்க எனக்கு மனமில்லை. 1957இல் பிரசாத் இதையே 'மிஸ் மேரி' என்று இந்தியில் எடுத்தபோதும் மச்சத்தை விடவில்லை. அங்கே மேரி மீனாகுமாரி, துப்பறிகிறவர் கிஷோர்குமார், பாலு மறுபடியும் நம் ஜெமினி. மூன்று மொழிப் படத்தில் இரண்டில் அதே பொய்யைச் சொல்லச் சலிக்காத மனிதர்.

ஊர்க் காக்காமாரின் ஆட்சேபம் மச்சத்தைப் பற்றியதே இல்லை. "பாலு கெட்டிக்காரன்" என்பார்கள். ஒரு டிரங்குப்பெட்டியோடு வந்தான். போடியார் வளவில் இருந்து தின்றான், படிப்பித்தான், பாட்டும் சொல்லிக்கொடுத்தான். மகள் கிடைத்ததும் மருமகனாகி அந்த வீட்டிலேயே இருந்துகொண்டான். இதைவிட முறையான மாப்பிள்ளையை இந்தக் கரையில் எங்கே தேடுவது? அவர்களுக்குக் குறை ஒன்றே ஒன்று. அத்தனை பெரிய வயலும் வளவும் உள்ள ரங்காராவ், கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாரே தவிர, சீதன உறுதி எழுதினதாக எந்த இடத்திலும் காட்டவில்லையாம். "அதை ஒருக்காக் காட்டியிருக்கலாம்," என்கிறார் படம் பார்க்காத காக்கா, "அதுக்குப் பிறகுதான் நாங்க எழும்பி வந்திருப்பம்."